லிங்க் ராடும் நம்மூர் ஜீப்பும்

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார். மூன்றும் ஒரே சாமான்தான். அமெரிக்காக்காரர்கள் முதல் பெயரைச் சொல்வார்கள், இங்கிலாந்துக்காரர்கள் இரண்டாவதை. நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவது. வண்டியின் குறுக்கே கிடக்கும் அந்த வளைந்த எஃகுக் கம்பியின் இரண்டு முனைகளையும் மற்ற பாகத்தோடு சேர்த்துக் கட்ட ஆளுக்கொரு சின்னக் கம்பி உண்டு. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். அதற்குத்தான் லிங்க் ராடு என்று பெயர்.

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்காதீர்கள். மிச்சிகனில் உட்கார்ந்து இருபது வருடமாக சஸ்பென்ஷன் படம் வரைந்து சோறு தின்கிறவன் நான். பாலராமபுரத்தில் இருக்கும் என் அக்கா மகனோ அம்பூரிக்கு மேலே ரப்பர் தோட்டம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். பழைய தார் ஒன்றை வாங்கி, அதை இரண்டு இஞ்ச் தூக்கியும் வைத்திருக்கிறான். மலைக்கு அதே வண்டி, திருவனந்தபுரத்தில் டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப்போகவும் அதே வண்டி. தூக்கிய நாளிலிருந்து குழியில் இறங்கினால் முன்பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். "மாமா, எந்தக் கம்பெனி லிங்க் ராடு நல்லது?" என்று கேட்டான். அடியில் படுத்து எடுத்த நாலு போட்டோவும் அனுப்பியிருந்தான்.

போட்டோவைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வண்டியைத் தூக்கியவர்கள் ஸ்ப்ரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்திருக்கிறார்கள், அலைன்மென்ட்கூட பார்த்திருக்கிறார்கள். லிங்க் ராடை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிட்டார்கள். கம்பெனிப் பெயர் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி நீளம். அதை அந்த ஒர்க்‌ஷாப்பில் யாருமே ஏன் கேட்கவில்லை? சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பக்கத்து ஜீப்பின் சரித்திரமே அப்படி.

முதலில் கம்பியின் கதை. கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஃப்ரெடெரிக்டன் ஊர்க்காரர் ஸ்டீஃபன் கோல்மன். 1919 ஏப்ரல் 22-ல் இந்த மாதிரிக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் ரொம்ப எளிது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி தன் இடத்தில் சும்மா உருளும், எதையும் தடுக்காது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கம்பி பழைய நிலைக்கு வரப் பார்க்கும் இல்லையா, அந்த விசைதான் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிறது. அதே விசைதான் பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது மறு சக்கரத்தை மண்ணில் இறங்கவிடாமலும் பிடிக்கிறது. ரோட்டுக்கு நல்லது, மலைக்குத் தொல்லை. இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் சண்டை முழுக்க இதுதான்.

ஆனால் முதல் ஜீப்பில் இந்தச் சண்டையே கிடையாது. 1941-லிருந்து போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய ஜீப்பில் நாலு பக்கமும் பிளேட் ஸ்ப்ரிங், முன்னும் பின்னும் கட்டி ஆக்ஸில், அவ்வளவுதான். ஸ்டெபிலைசர் பாரே இல்லை. பிளேட் கட்டு ஆக்ஸிலோடு யு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதால் பாடி சாயும்போது பிளேட்டே முறுக்கிக்கொண்டு ஓரளவு தடுக்கும். மீதியை ஓட்டுபவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஜீப்தான் நமக்கு வந்தது. 1947-ல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை உதிரியாகக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1953-ல் வந்த சி.ஜே.3பி, அந்த உயர்ந்த பானட் வண்டி, அங்கே 1968-ல் நின்றுபோனது. நம்மூரில் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்குப் பிறகும் பல பத்து வருடம் ஓடின. எம்.எம்.540 வரைக்கும் அடியில் பார்த்தால் அதே பிளேட், அதே கட்டி ஆக்ஸில்.

பாலராமபுரம் தேசிய நெடுஞ்சாலை மேல் இருக்கும் ஊர். ஜீப்பின் உண்மையான ராஜ்யம் அங்கிருந்து கிழக்கே, நெய்யாற்றின்கரை தாண்டி வெள்ளறடை, அம்பூரி என்று மலை ஏறும் பக்கம். மத்திய திருவிதாங்கூரிலிருந்து வந்த குடியேற்றக்காரர்கள் காட்டைத் திருத்தி மரச்சீனியும் ரப்பரும் வைத்த பூமி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேலே போக ஜீப்தான். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பன்னிரண்டு பேர், மேலே ரப்பர் ஷீட்டு, பின்னால் தொங்கிக்கொண்டு இரண்டு பேர். 1956 நவம்பர் 1-ல் எல்லை போட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மலைக்கு அதெல்லாம் தெரியாது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஜீப், ஒரே ரிப்பேர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாய் ஒரே ஒர்க்‌ஷாப் பாஷை.

அந்தக் காலத்தில் ஜீப்பைத் தூக்குவது என்றால் என்ன? பிளேட்டைக் கழற்றிக் கொல்லப்பட்டறையில் உலையில் காட்டி அடித்து வளைவை ஏற்றுவார்கள். அல்லது கட்டில் ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்ப்பார்கள். வண்டி ஒரு இஞ்சோ இரண்டு இஞ்சோ உயரும். ஷாக் அப்சார்பர் நீளம் போதுமா, பிரேக் ஹோஸ் இழுக்கிறதா, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். லிங்க் ராடு பற்றி யோசிக்க அங்கே லிங்க் ராடே இல்லையே. அப்பனிடம் மகனும் ஆசானிடம் சிஷ்யனும் கற்றுக்கொண்ட வித்தையில் அந்த ஒரு வரி இல்லாமல் போனது இப்படித்தான். 2010-ல் வந்த முதல் தாரிலும் பின்பக்கம் பிளேட்தான். முன்பக்கம் மட்டும் டார்ஷன் பார் வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். போல்ட்டைக் கொஞ்சம் முறுக்கினால் முன்பக்கம் உயர்ந்துவிடும். அரைமணி நேர வேலை என்பதால் யாரும் மற்றதைப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரிப் போனது. 1980 டிசம்பரில் சி.பி.எஸ் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் நிகழ்ச்சியில் சி.ஜே.5 ஜீப் வளைவில் கவிழ்வதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்தச் சோதனைகள் எந்த அளவுக்கு நியாயமானவை என்று இன்றும் சண்டை போடுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் குட்டையாக, ஒடுக்கமாக, உயரமாக இருக்கும் வண்டியைக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி எல்லோர் மனதிலும் விழுந்துவிட்டது. 1987 மாடல் ராங்லர் ஒய்.ஜே அகலமாக, தாழ்வாக, ஸ்டெபிலைசர் பாரோடு வந்தது. 1997 மாடல் டி.ஜே-யில் பிளேட் போய் நாலு பக்கமும் காயில் ஸ்ப்ரிங். காயில் மேலும் கீழும் நன்றாகப் போகும், ஆனால் பிளேட் கட்டு மாதிரிச் சாய்வைத் தடுக்காது. ஆக, காயில் வந்தால் பார் வேண்டும், பார் இருந்தால் லிங்க் வேண்டும். அங்கே ஜீப்பைத் தூக்குகிறவர்களும் அன்றிலிருந்து லிங்க் நீளத்தைக் கணக்குப் போடப் பழகிக்கொண்டார்கள். மலையில் பாரைக் கழற்றி விடுவதற்கென்று பின் போட்ட லிங்க் வந்தது. 2007 மாடல் ஜே.கே ரூபிகானில் ஸ்விட்சைத் தட்டினாலே பார் பிரிந்துகொள்ளும், சுமார் 29 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ளும்.

நமக்கு அந்த மாற்றம் 2020-ல்தான் வந்தது. 2020 அக்டோபர் 2-ல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை தாரில் முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் மல்டிலிங்க் கட்டி ஆக்ஸில், நாலு பக்கமும் காயில், இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் பார். 2023-ல் மாருதி ஜிம்னி, அதிலும் காயில்தான், பார் முன்பக்கம் மட்டும். டி.ஜே-யிலிருந்து எண்ணினால் அமெரிக்காவுக்கும் நமக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேல் இடைவெளி. வண்டி ஒரே நாளில் மாறிவிட்டது, வித்தை மெதுவாகத்தான் மாறும்.

சரி, நீளத்துக்கு வருவோம். தூக்காத வண்டியில் சமதளத்தில் நிற்கும்போது பாரின் கை (வளைந்து முன்னோ பின்னோ நீளும் பாகம்) ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கும், லிங்க் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. கம்பெனிக்காரன் அப்படி வைத்ததற்குக் காரணம், சக்கரம் மேலே போனாலும் கீழே போனாலும் இரண்டு பக்கமும் இடம் இருக்கவேண்டும் என்பதுதான். வண்டியைத் தூக்கினால் பாடி மேலே போகிறது, அதோடு பாரும் போகிறது, ஆக்ஸில் கீழேயே நிற்கிறது. பழைய லிங்க் பாரின் கையைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

இதில் பலர் சொல்லும் ஒரு தப்பான காரணம் உண்டு: கை சாய்ந்தால் பார் வேலையே செய்யாது என்று. அப்படி இல்லை. கை 250 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. கீழே இழுத்தால் சாய்வு சுமார் 11 டிகிரி. சமதளத்தில் ஓடும்போது பாரின் பலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆபத்து சக்கரம் தொங்கும்போது. கட்டி ஆக்ஸில் வண்டியில் சக்கரம் இன்னும் 90 மி.மீ. இறங்கினால், 150 மி.மீ. பழைய லிங்கில் கைக்கும் லிங்குக்கும் நடுவே கோணம் 145 டிகிரியைத் தொட்டுவிடும். 50 மி.மீ. கூடுதலாக, 200 மி.மீ. லிங்க் போட்டிருந்தால் அதே இடத்தில் 115 டிகிரிதான். 180 டிகிரியை நெருங்க நெருங்க இரண்டும் ஒரே கோடாகிவிடும். அதற்கு அப்புறம் சக்கரம் மேலே வரும்போது கை மேலே போகாமல் எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி மடங்கிய பார் பிரேக் ஹோஸிலோ ஸ்டியரிங் ராடிலோ போய் நிற்கும். அந்த நிலைக்குப் போகும் முன்பே லிங்கின் பால் ஜாயின்ட் தன் கோணத்தின் எல்லையைத் தொட்டு இரும்போடு இரும்பு இடிக்கும். அக்கா மகன் கேட்ட "டக்" அதுதான்.

அப்படியானால் இரண்டு இஞ்ச் தூக்கினால் இரண்டு இஞ்ச் நீள லிங்க், அவ்வளவுதானே? கட்டி ஆக்ஸிலுக்கு ஆமாம். ஆக்ஸில் முழுதாகக் கீழே போவதால் லிங்க் எங்கே பூட்டியிருந்தாலும் வித்தியாசம் அதே 50 மி.மீ.தான். தனித்தனி சஸ்பென்ஷனில் அப்படி இல்லை. லிங்கின் அடிப்பக்கம் கீழ்க்கையின் நடுவில் பூட்டியிருந்தால் சக்கரம் இறங்கும் அளவுக்கு அந்த இடம் இறங்காது. கீழ்க்கையின் நீளத்தில் பத்தில் ஆறு பங்கு தூரத்தில் லிங்க் இருந்தால் சக்கரத்தின் 50 மி.மீ. அங்கே 30 மி.மீ. ஆகிவிடும். இதைப் பார்க்காமல் 50 மி.மீ. கூடுதல் லிங்க் போட்டால் கை மேல்நோக்கி நிற்கும், சக்கரம் முழுதாக ஏறும்போது சேஸிஸில் போய் முட்டும். லிங்க் சக்கர நக்கிளிலேயே பூட்டியிருந்தால் மறுபடி கிட்டத்தட்ட முழு 50. ஆகவே அடியில் படுத்துப் பார்க்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள்.

இன்னும் நல்ல வழி, கணக்கை விட்டுவிட்டு அளப்பது. தூக்கிய வண்டியைச் சமதளத்தில் சக்கரத்தின் மேல் நிறுத்துங்கள், ஜாக்கி மேல் அல்ல. வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றுங்கள். இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு, பாரின் கையைத் தூக்கிப் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்து கட்டி வையுங்கள். இப்போது மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடுவுக்கு டேப்பைப் பிடித்தால் வருவதுதான் உங்கள் நீளம். ஓரத்திலிருந்து ஓரம் அல்ல, நடுவிலிருந்து நடு. பூட்டும்போது கடைசி போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் ஒரு பக்கம் நீளம் வேறு, பார் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு சக்கரத்தை ஜாக்கி போட்டு ஏற்றி, மறு சக்கரத்தைத் தொங்கவிட்டு, எது எதில் இடிக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதை எழுதும்போது எனக்கு ஊர்த் தறிதான் ஞாபகம் வருகிறது. பாலராமபுரம் என்றால் கைத்தறி. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிவந்து குடிவைத்த ஊர் அது. எங்கள் வீட்டில் தமிழ் நிலைத்தது அப்படித்தான். குழித்தறியில் இரண்டு விழுதும் மேலே ஒரே கயிற்றில் தொங்கும், கீழே ஆளுக்கொரு மிதியோடு கட்டியிருக்கும். ஒன்றை மிதித்தால் மற்றது ஏறும். தாத்தா பாவு பூட்டிய பிறகு முதலில் செய்வது இந்த மிதிக்கயிற்றின் நீளத்தைச் சரிபார்ப்பதுதான். கால் வைக்காதபோது இரண்டு மிதியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு கயிறு விரல் அளவு குட்டையானாலும் ஒரு பக்கத்து இழை விறைத்து அறுந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கயிறு மாறிவிடும், மறுபடி அவிழ்த்துக் கட்டுவார். தறியில் ஒன்று இறங்க மற்றது ஏற வேண்டும், ஸ்டெபிலைசர் பாருக்கு அது ஆகவே ஆகாது. வேலை நேர் எதிர். ஆனால் சும்மா நிற்கும்போது எந்த மட்டத்தில் நிற்கவேண்டும் என்று முதலில் பார்க்கிற அந்தப் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அடுத்து முனை. கடையில் மூன்று தினுசு கிடைக்கும்: ரப்பர் புஷ் வைத்தது, பூட்டு மூடிய பால் ஜாயின்ட், ரேஸ் வண்டிகளில் வரும் திறந்த ராடு எண்ட். மூன்றாவது பார்க்கப் பளபளவென்று இருக்கும், கோணமும் நிறையக் கொடுக்கும். ஆனால் நெய்யாற்றின்கரை தாலுகாவில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. நடுவில் செம்மண் சேறு. திறந்த உலோக ஜாயின்டில் அந்தச் சேறு புகுந்தால் சீக்கிரமே ஆட்டம் காணும், மறுபடி "டக்". தினசரி ஓடும் வண்டிக்கு கிரீஸ் நிப்பிள் உள்ள மூடிய பால் ஜாயின்ட் போதும், இல்லாவிட்டால் நல்ல ரப்பர் புஷ். ரப்பர் புஷ் போட்டால் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் கீழே இறக்கிய உடனே புஷ் முறுக்கிக்கொண்டு கிழியத் தொடங்கும்.

நீளத்தைத் திருகி மாற்றும் லிங்க் வாங்குவதில் தப்பில்லை, நீங்கள் அளந்ததற்கு ஏற்ப நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மரை உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். 12 மி.மீ. மரை என்றால் குறைந்தது 18 மி.மீ. உள்ளே இருக்கட்டும். நீளம் போதவில்லை என்று நுனி மரையில் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய லிங்கை நடுவில் வெட்டி ராடு வைத்து வெல்டு அடித்து நீட்டித் தருவதாகச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம். கியாஸ் அடுப்பு ஸ்டாண்டுக்குச் செய்கிற வேலையை இதற்குச் செய்யக்கூடாது :-)

கழற்றும் லிங்க் வேண்டுமா என்றால், முன்பக்கம் கட்டி ஆக்ஸில் உள்ள ஜிம்னி மாதிரி வண்டிக்குப் பாறை ஏறும்போது பிரயோஜனம் உண்டு. தனித்தனி சஸ்பென்ஷனில் சக்கரம் இறங்கும் அளவு ஏற்கெனவே குறைவு, பாரைக் கழற்றி பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கழற்றினால் இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும், பாரை மேலே தூக்கிக் கட்ட வேண்டும், தார் ரோட்டைத் தொடும் முன் திரும்பப் பூட்ட வேண்டும். தூக்கிய வண்டியின் பாரம் உயரத்தில் இருக்கிறது. பாறசாலை வளைவுகளில் எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி பஸ் வரும்போது ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப வேண்டிவந்தால் அந்த ஒரு பார்தான் துணை.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நீளம் சரியான லிங்க் போட்டுவிட்டதால் தூக்கிய வண்டி சட்டப்படி சரியாகிவிடாது. ஆர்.டி.ஓ நிறுத்தினால் அபராதம், விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு மறுக்க ஒரு காரணம். தூக்காமல் நல்ல டயர் மட்டும் போட்டாலே புதிய தாருக்குத் தரையிலிருந்து 226 மி.மீ. இடைவெளி இருக்கிறது, அம்பூரித் தோட்டப் பாதைக்கு அது தாராளம் என்பது என் அபிப்பிராயம். தூக்கித்தான் ஆவேன் என்கிறவர்கள், லிங்க் போட்டு 500 கி.மீ. ஓடியதும் மறுபடி அடியில் படுத்து எட்டு நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.